ஆளைக் கவிழ்க்காத பலகை

அளவுச் சட்டை கொண்டுவருகிற பெண்களை அக்கா வாசலிலேயே நிறுத்திவிடுவார். ஊரில் மற்றத் தையல்காரர்கள் எல்லாரும் அதை வாங்கித்தான் தைப்பார்கள். நன்றாகப் பொருந்திய பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தால் அதே அளவில் புதியது கிடைத்துவிடும். அக்கா பையைப் பிடுங்கி, சட்டையை உதறி, வந்தவளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்ப்பார்.

"இது எப்பத் தெச்ச?"

"போன வருசம் அக்கா."

"போன வருசத்து ஆளுக்குத் தைக்கிறதெண்டா அவவக் கூட்டிக்கொண்டு வா. உனக்குத் தைக்கிறதெண்டா கையத் தூக்கு."

தன்னாமுனையில் நான் வாடகைக்கு இருந்த அறையின் சன்னல் அக்காவின் தையல் கடையைப் பார்த்தபடி இருந்தது. கடை என்றால், வீட்டின் முன்னால் தகரம் இறக்கிய ஒரு பத்தி, காலால் மிதிக்கும் இயந்திரம், துணி வெட்டும் மேசை. நான் அப்போது கொழும்பில் அச்சாகும் தமிழ் நாளேடு ஒன்றுக்கு மட்டக்களப்புச் செய்தியாளன். அக்கா என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "பேப்பர்" என்பார். அவருக்கு நாற்பது வயதிருக்கலாம். கணவர் கட்டாருக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். தம்பியும் தம்பியின் மனைவியும் அதே வளவில் இருந்தார்கள். தம்பி வாவியில், ஊர்ப் பேச்சில் ஆற்றில், இறால் பிடிப்பவன். மெலிந்த உடம்பு, அளவான பேச்சு. அந்த வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அக்கா பேசினார்.

அவர் பேச்சில் பெரும்பகுதி கோபம். ஆனால் கண்டபடி கொட்டுகிற கோபம் அல்ல. அது எப்போதும் ஒரே கேள்வியில் போய் நிற்கும். நல்ல மருந்து என்று யாராவது சொன்னால், "ஆருக்கு?" நல்ல சம்பந்தம் என்றால், "ஆருக்கு?" ஒருநாள் காலையில் நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பத்திரிகையை விரித்து, "நிலைமை வழமைக்குத் திரும்பியிருக்காம் அக்கா" என்று வாசித்தேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "ஆருக்காம்?" என்றார். அந்தச் செய்தி வேறு யாரோ எழுதியது. ஆனாலும் நான் பத்திரிகையை மடித்துவிட்டேன்.

இப்போது அவர் களுவாஞ்சிக்குடிப் பக்கம் தம்பியின் மனைவியோடு இருப்பதாகக் கேள்வி. அங்கேயும் அளவுச் சட்டை வாங்கமாட்டார் என்று நிச்சயமாகச் சொல்வேன்.

சுனாமி வந்த அன்று தம்பியின் தோணி முகத்துவாரத்தில் கட்டிக் கிடந்தது. வாவி கடலோடு சேரும் அந்த இடத்தில் அன்று எதுவும் மிஞ்சவில்லை. தம்பி வீட்டில் இருந்ததால் தப்பினான். பிறகு பல வாரங்கள் ஊரில் யாரும் மீன் வாங்கவில்லை. எதைத் தின்ற மீனோ என்று பயந்தார்கள். ஒருவழியாக வாங்கத் தொடங்கியபோது, பிடிக்கப் போகிறவர்களிடம் தோணி இல்லை. தோணி தருகிறோம் என்று வந்தவர்கள் ஒவ்வொருவராகப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

முகத்துவாரத்துக்குக் கிட்ட உடைந்து கிடந்த ஐஸ் தொழிற்சாலை ஒன்றின் சுவர்களுக்குள்ளிருந்து பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் நுரைப் பாளங்கள் கரையெங்கும் ஒதுங்கியிருந்தன. குளிர் வெளியே போகாமல் இருக்க வைத்தவை, நல்ல தடிப்பு. தம்பியும் பக்கத்து வளவு மீனவர் ஒருவரும் அவற்றை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அந்த மீனவர் ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். ஊர் அவரை மொத்தண்ணன் என்று அழைத்தது. அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார்.

இருவரும் ஆளுக்கொரு பாளத்தில் ஏறி நின்று, நீளத் துடுப்பால் வலித்துப் பார்த்தார்கள். தம்பி விழுந்தான். மொத்தண்ணன் விழுந்தபோது கரையில் நின்ற கொக்குகள் எழும்பிப் போயின. அக்கா சோறு கொண்டுவந்தவர், இடுப்பில் கை வைத்து நின்று சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே முடிந்துவிட்டது.

"கதவு மாதிரிக் கிடக்கு. கதவில ஏறி நிண்டு எங்க போகப் போறாய் மனே?"

"ஏன்கா, மிதக்குதுதானே" என்றான் தம்பி.

"செத்த மாடும் மிதக்கும். இஞ்ச கொண்டா."

அன்றிலிருந்து துணி வெட்டும் மேசையில் துணி குறைந்தது. அக்கா சாக்குக் கட்டியால் பாளத்தில் கோடு போட்டு, மரம் அறுக்கும் வாளால் வெட்டி, தம்பியை அனுப்பிவிட்டுக் கரையில் குந்தியிருந்து பார்ப்பார். நான் மூன்று நான்கு பின்னேரங்கள் அவரோடு இருந்து பார்த்திருக்கிறேன். முதல் பலகை அகலம். ஆள் அசையாமல் நின்றான், பலகையும் அசையாமல் நின்றது. "தண்ணிய வெட்டுதில்ல, தள்ளுது" என்றார். அடுத்ததை ஒடுக்கி நீட்டினார். அது பாம்பு மாதிரி ஓடியது, தம்பியை மட்டும் விட்டுவிட்டு ஓடியது. மூக்கு தட்டையாக இருந்தால் சிற்றலையில் குத்தி ஆளை முன்னால் தூக்கி எறிந்தது. மூக்கை மேலே வளைத்தால் அலை அடியால் போனது, ஆனால் அதிகம் வளைத்தால் காற்று அதில் ஏறிக்கொண்டது. இடது பக்கம் வலித்தால் பலகை வலது பக்கம் திரும்பியது, வலது பக்கம் வலித்தால் இடது பக்கம். அதற்கு அடியில் ஒரு வால் வேண்டும் என்று அக்கா கண்டுபிடித்தார். மரத்தால் வைத்த வால் ஆழமில்லாத இடத்தில் சாதாழைப் பாசியில் சிக்கி ஆளைக் கவிழ்த்தது. பழைய இறப்பர்ச் செருப்பின் அடியை வெட்டி வைத்தார். அது சாதாழையில் மடங்கி, தாண்டியதும் நிமிர்ந்துகொண்டது. அந்த ஒரு நாள் அவர் யாரையும் ஏசவில்லை.

வெறும் ரெஜிபோம் வெயிலில் உதிரும், மீன் கொத்தும். எனவே தறப்பாளில் உறை தைத்தார். சுனாமிக் கூடாரங்களாக வந்த தறப்பாள்தான். சட்டைக்குக் கை பொருத்துவது போல மூக்கைச் சுற்றிச் சுருக்கம் விழாமல் தைப்பது அவரைத் தவிர யாராலும் முடியாது. இதை அவரே சொல்வார், அடக்கம் அவருக்குப் பழக்கமில்லை. தையல் மேற்புற விளிம்பில்தான் ஓடும். கீழே ஓடினால் தண்ணீர் அதில் உரசி இழுக்கும், பிறகு அதற்குள்ளே போகும்.

ஊரில் மற்றவர்களும் கேட்டு வந்தார்கள். அங்கேதான் சண்டை தொடங்கியது. அக்கா எல்லாருக்கும் ஒரே பலகை வெட்டமாட்டார். ஆளை நிற்கவைத்து, கால் இரண்டும் இயல்பாக எவ்வளவு அகன்று நிற்கிறது என்று நாடாவால் அளப்பார். நெல் ஆலைக்கு அனுப்பி, மூட்டை நிறுக்கும் தராசில் ஏறிவரச் சொல்வார். வலை எவ்வளவு பாரம், குந்தி வலிப்பவனா நின்று வலிப்பவனா என்றெல்லாம் விசாரணை. மொத்தண்ணன் தராசில் ஏறிவிட்டு வந்து நிறையைச் சொன்னார்.

"உனக்கு வெட்ட ஐஸ் கொம்பனி இன்னொண்டு உடையணும்" என்றார் அக்கா.

அவருக்கென்று இரண்டு பாளத்தைச் சேர்த்து ஒட்டி, அகலமாக, கனமாக ஒன்று வெட்டினார். மொத்தண்ணன் அதில் நின்றுகொண்டே சாரனை அவிழ்த்துக் கட்டுவார். அது அசையாது. ஆனால் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் பின்னேரங்களில் மேற்கே போக அவர் படும் பாடு கரையிலிருந்தே தெரியும். வலிக்க வலிக்க அதே பனைமரத்துக்கு நேரே நிற்பார். தம்பியின் பலகை ஒடுக்கம். அவன் அதில் காற்றுக்கு எதிராகவும் தண்ணீர்ப் பூச்சி போல ஓடினான். வேறு யார் அதில் ஏறினாலும் விழுந்தார்கள்.

பலகையைக் கையில் கொடுக்கும்போது அக்கா ஒரே நிபந்தனை சொல்வார். "இது உனக்கு வெட்டினது. இரவல் குடுத்தா வந்து பிடுங்கிப் போடுவன்."

வாவிக்கரையில் இது பெரிய அவமரியாதை. தோணி உள்ளவனிடம் இல்லாதவன் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். தன் தோணியை இல்லையென்று சொன்னவன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊர் முகத்தைக் காட்டிவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிடும். ஒருவர் தன் பலகையை மனைவியின் அண்ணனுக்குக் கொடுத்தார். அண்ணன் விழுந்து வலையைத் தொலைத்தார். அக்கா அந்த வீட்டுக்குப் போய்ப் பலகையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, தெரு முழுக்க ஏசிக்கொண்டு வந்தார். அந்த மனிதர் பின்னால் கெஞ்சியபடியே நடந்தார்.

"அக்கா, மச்சான் வந்து கேக்கக்குள்ள நான் இல்லயெண்டு சொல்லவா?"

"சொல்லு. உன்ர கால்சட்டையக் கேட்டா குடுப்பியா?"

"குடுத்தாப் போடுவாரே அக்கா. அவரும் நானும் ஒரே பருமன்தானே!"

தெருவே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

அக்காவின் பலகைகளைப் பார்த்த ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் அடுத்த வருடம் தானும் பலகை கொடுத்தது. தொழிற்சாலையில் வார்த்த பிளாஸ்டிக் பலகைகள், ஆரஞ்சு நிறம், எல்லாம் ஒரே அளவு. கையளிப்பு வைபவத்தில் பந்தல் போட்டு மாலை கட்டியிருந்தார்கள். அக்கா முதல் வரிசைக்குப் போய், ஒரு பலகையைக் கவிழ்த்து, அதன் அடியைத் தட்டிப் பார்த்தார். திட்ட அலுவலர் மட்டக்களப்புக்கு வெளியிலிருந்து வந்த தமிழர், கெட்டிக்காரர், பொறுமையானவர்.

"அக்கா, ஆளுக்கொரு அளவில குடுத்தா சனம் சண்டை பிடிக்கும். அவருக்குப் பெரிசு எனக்குச் சிறிசு எண்டு கேக்கும். எல்லாருக்கும் சமமாக் குடுக்கிறதுதான் நியாயம்."

"சமமா எல்லாரையும் தண்ணிக்குள்ள தள்ளுறயளோ?"

சனம் கைதட்டியது அலுவலருக்கு. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் பலகைகளை யாரும் யாருக்கும் இரவல் கொடுக்கலாம். எவருக்கும் முழுதாகப் பொருந்தாததால் எல்லாருக்கும் பொதுவாக இருந்தன. பெரும்பாலானவற்றின்மேல் கடைசியில் கருவாடு காய்ந்தது.

பிறகு படுவான்கரையில் சண்டை மூண்டது. வாவியின் மேற்குக் கரைதான் படுவான்கரை, நாங்கள் இருந்தது கிழக்குக் கரை. சனம் அங்கிருந்து கிடைத்ததில் ஏறி இங்கே வந்தது. பாலங்கள் மூடப்பட்டன. எங்கள் பக்கக் கரையோரம் இராணுவக் காவலரண்கள் எழுந்தன. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாவியில் எவரும் இருக்கக்கூடாது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லவில்லை.

தம்பியின் மாமி, அவன் மனைவியின் தாய், அந்தக் கரையில் தனியாக இருந்தார். நடக்க முடியாதவர். அயலவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து தண்ணீர் ஓரத்தில் விட்டுவிட்டுத் தங்கள் வழியே போய்விட்டதாக ஒரு மத்தியானம் தகவல் வந்தது. இங்கிருந்து பார்த்தால் அந்தக் கரை கண்ணுக்குத் தெரியும். கச்சான் வீசிக்கொண்டிருக்கத் தம்பி போனான். திரும்பி வரவில்லை.

நாலு மணிக்குப் பிறகு ஒரு வெடிச் சத்தத்தை ஊரே கேட்டது. பிறகு யாரைக் கேட்டாலும், கேட்கவில்லை என்றார்கள்.

மறுநாள் காலையில் கண்டல் மரங்களின் வேருக்குள் உடலை எடுத்தார்கள். முதுகில், தோளுக்குச் சற்றுக் கீழே, காயம். நான் பார்த்தேன். மரண விசாரணை சுருக்கமாக முடிந்தது. நீரில் மூழ்கி மரணம். நான் அனுப்பிய செய்தியில் காயம் இருந்தது, அச்சான செய்தியில் இல்லை. 'வீட்டில் செய்த பலகை நிலைதடுமாறியதில் மீனவர் நீரில் விழுந்து பலி' என்று தலைப்பு. அந்த வருடங்களில் செய்தி மேசையில் இருந்தவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். இதைச் சொல்வது அவர்களை மன்னிப்பதற்காக அல்ல. மாமி மூன்று நாள் அக்கரையில் கிடந்து, பிறகு யாருடையவோ உழவு இயந்திரத்தில் வந்து சேர்ந்தார். தான் பார்த்ததை அவர் சாகும்வரை சொல்லவில்லை.

சாவீட்டில் அக்கா பத்திரிகையை என்னிடமிருந்து பிடுங்கி வாசித்தார். மற்றவர்கள் மார்பில் அடித்து அழுதுகொண்டிருந்தார்கள்.

"நிலைதடுமாறினதோ? ஆர்ர பலகை நிலைதடுமாறினது? என்ர பலகையா?"

"அக்கா, இப்ப அதுவா முக்கியம்" என்று யாரோ சொன்னார்கள்.

"ஆருக்கு முக்கியமில்ல?" என்று அக்கா கத்தினார். "என்ர பலகை ஆளைக் கவுக்காது. அவன்ர காலுக்கு நான் வெட்டினது. அவன் அதில நித்திரை கொண்டாலும் விழமாட்டான். எழுதினவன் வந்து சொல்லட்டும், எவடத்தால கவுண்டது எண்டு!"

தம்பி செத்துக் கிடக்கப் பலகைக்காகச் சண்டை பிடிக்கிறாள் என்று பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு அது விளங்க இரண்டு நாள் பிடித்தது. சுட்டவனைப் பற்றிப் பேச அன்று எவருக்கும் வாய் இல்லை. பலகையைப் பற்றிப் பேசலாம். பலகை கவிழவில்லை என்றால் அவன் விழவில்லை. விழவில்லை என்றால் எப்படிச் செத்தான்? அக்கா அந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு படி முன்னால் நின்று, அங்கிருந்து அசைய மறுத்தார்.

தம்பியின் ஒடுக்கமான பலகை செத்த வீட்டன்றே அக்காவின் வேலியில் சாய்ந்திருந்தது. மொத்தண்ணன் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போயிருந்தார். தண்ணீரிலிருந்து எடுத்துவந்தார் என்று அக்கா நினைத்துக்கொண்டார். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுவாரம், கச்சான் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், மூன்று மணியளவில், அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு காவலரணுக்கு நேரே உள்ள கரைக்குப் போனார். பாவாடைக்கு மேல் தம்பியின் சட்டை. எங்கே போகிறார் என்று கண்டு ஊரில் கொஞ்சப் பேர் பின்னால் போனோம், கிட்டப் போகவில்லை.

அவர் பலகைகளை வெட்டியிருக்கிறாரே தவிர ஒருநாளும் அதில் ஏறியதில்லை. முழந்தாளில் ஏறினார். எழும்பி நின்றார். காவலரணிலிருந்து சிப்பாய்கள் வெளியே வந்து பார்த்தார்கள். துடுப்பை ஒருமுறை வலித்தார்.

விழுந்தார்.

ஏறினார், விழுந்தார். மறுபடி ஏறினார், மறுபடியும் விழுந்தார். தம்பியின் காலுக்கு வெட்டிய பலகை அவரைத் தாங்காது. இதை ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்தான். அந்தக் கோபத்தில் அது அவருக்கு நினைவில்லை. சிப்பாய்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் தனக்குத் தெரிந்த தமிழில் கத்தினான்: "அக்கா! பலகை நல்லம் இல்ல!"

எங்கள் பக்கத்தில் நின்ற ஒருவர் மெதுவாக, "உண்மையா விழுந்துதான் இருப்பானோ" என்றார். அதைவிடக் கொடுமையான ஒரு வசனத்தை அந்த யுத்தத்தில் நான் கேட்கவில்லை.

மொத்தண்ணன் தண்ணீருக்குள் இறங்கி நடந்து போனார். நானும் பின்னால் போனேன். இடுப்பளவு நீரில் அவர் அக்காவின் கையைப் பிடித்தார்.

"காணும் அக்கா. எழும்புங்க."

"விடுடா. இது ஆளைக் கவுக்காது."

"அக்கா, அவன் இதில போகல்ல."

அக்கா தலைமயிரை முகத்திலிருந்து ஒதுக்கினார்.

"என்ர பலகையக் கேட்டான். மாமிய ஏத்திக்கொண்டு வரணும், தன்ர இது ரெண்டு பேரத் தாங்காது எண்டு கேட்டான். நான் என்னெண்டு இல்லயெண்டு சொல்ற? குடுத்தன்" என்றார் மொத்தண்ணன்.

"உன்ர பலகை எங்க இப்ப?"

"அடுத்த நாள் தன்பாட்டில ஒதுங்கி வந்திச்சி. எரிச்சிட்டன்."

"ஏன்டா எரிச்ச?"

மொத்தண்ணன் காவலரண் பக்கம் பார்க்காமல் குரலைத் தாழ்த்தினார். "ஓட்டை இருந்திச்சி அக்கா."

அக்காவின் உதடுகள் கணக்குப் போட்டன. தம்பியின் நிறை, மொத்தண்ணன் பலகையின் அகலம், காற்று. "அதில அவன் விழமாட்டான்" என்றார். "சரிஞ்சு படுத்தாலும் விழமாட்டான்." பிறகு இன்னும் மெதுவாக: "ஆனா ஓடாது. கச்சானுக்கு எதிர ஓடவே ஓடாது. நாலு மணிக்கும் நடு ஆத்திலதான் நிண்டிருப்பான்."

மொத்தண்ணனின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். பிறகு அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு கரைக்கு நடந்து வந்தார்.

மறுநாளே ஓட்டோ ஒன்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வந்தது. வீட்டில் செய்த பலகைகள் உயிருக்கு ஆபத்தானவை, வாவியில் இறக்கத் தடை. தொண்டு நிறுவனமும் அதையே அச்சடித்து ஒட்டியது. ஆரஞ்சுப் பலகைகள் பாதுகாப்பானவை என்று படத்துடன் போட்டிருந்தார்கள். ஊர்க்காரர் தங்கள் பலகைகளைச் சந்தியில் கொண்டுவந்து போட்டு எரித்தார்கள். ரெஜிபோம் எரிகிற நாற்றம் சாப்பாட்டில்கூட இருந்தது. அக்கா கடைக்குள் இருந்து இயந்திரத்தை மிதித்துக்கொண்டே இருந்தார். அன்று அவர் எதுவும் தைக்கவில்லை. ஊசியில் நூல் இல்லை.

அந்தக் கிழமையே மொத்தண்ணனை அழைத்து மறுபடி அளவெடுத்தார். மிஞ்சியிருந்த பாளங்களை ஒட்டி, எரித்த பலகையை அப்படியே இன்னொருமுறை வெட்டினார். அதை வாவியில் இறக்க முடியாது, வீட்டில் வைத்திருந்தாலும் கேள்வி வரும். பழைய மேசையின் கால்களை அதன் அடியில் நிறுத்தி, மேலே விரிப்புப் போட்டு, அதன்மேல் துணி வெட்டினார். சோதனைக்கு வந்தவர்கள் அதன்மேல் தேநீர் வைத்துக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வடக்கிலும் யுத்தம் முடிந்துவிட்டது என்று வெடி கொளுத்தினார்கள். காவலரண்களில் ஒன்றிரண்டு கழன்றன. வாவியோரத்தில் ஹோட்டல் வந்தது. வெள்ளைக்காரர் நின்று வலிக்கும் பலகைகளில் காலையில் போய் வந்தார்கள். அவர்களிடம் உடற்பாரம் கேட்டு, அதற்கேற்ற பலகை எடுத்துக் கொடுத்தார்கள். அக்கா ஒருநாள் தெருவில் நின்று அதைப் பார்த்தார். என்ன சொன்னார் என்பது அச்சில் வராது.

பிறகு, நடந்தவற்றை விசாரிக்கவென்று ஒரு குழு வந்தது. வாவிக்கரை மண்டபம் ஒன்றில் அமர்வு. வெளியே சனம் வெயிலில் புகைப்படங்களோடு நின்றது. நான் செய்தியாளருக்கான மூலையில் இருந்தேன். அக்காவும் மொத்தண்ணனும் வந்தார்கள். மொத்தண்ணன், மேசைக் கால்களைக் கழற்றிய அந்தப் பலகையைக் கொண்டுவந்து மண்டப வாசற்படிக்கு வெளியே வைத்தார். வாசலில் நின்றவன் அதற்கும் சோதனை போட்டான்.

நடுவில் இருந்தவர் பருத்த, வியர்த்த மனிதர். கோப்பைப் புரட்டி, அவர் மொழியில் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "அம்மா, இது நீரில் மூழ்கிய விபத்தென்று பதிவாகியிருக்கு. பலகை கவிழ்ந்திருக்கு. விபத்துகளை நாங்க எடுக்கிறதில்ல. வேற உதவி ஏதாவது வேணுமெண்டா சொல்லுங்க."

"உதவி வேணாம்" என்றார் அக்கா. "பலகை வெளியில கிடக்கு. ஆறும் கிட்டத்தான். நடுவில இருக்கிற ஐயாவை எழும்பச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"ஏறி நிக்கட்டும். கால நல்லா ஆட்டட்டும், குதிக்கட்டும். என்ர தம்பி இவர்ல பாதி. இவர் அதில விழுந்தாரெண்டா, அவனும் விழுந்தான் எண்டு எழுதுங்க, நான் கையெழுத்து வெக்கிறன். விழயில்லயெண்டா, அந்தக் காவலரண்ல அண்டைக்கு நிண்டது ஆர், அவன்ர கையில என்ன இருந்ததெண்டு எழுதுங்க."

மொழிபெயர்ப்பாளர் தன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் இருந்தவர், என்ன சொல்கிறாள் என்று அவரைக் கேட்டார். மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு சீருடைகள் சுவரில் சாய்ந்து நின்றன. காற்றாடி சுற்றியது. மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்கவில்லை.

அக்கா மேசைக்கு ஓர் அடி கிட்டப் போனார்.

"சொல்லுங்க தம்பி" என்றார். "நான் சொன்னத ஒண்டும் விடாமச் சொல்லுங்க."